விண்மறவனின் மூச்சு

மார்ச் 4, செவ்வாய்

புத்தாண்டுக்கு ஸ்டுடியோவில் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக ஆடுகிற மிக்ஸிக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று மிக்ஸி மொத்தமாகப் புகைந்துபோனதால் டைரிக்கு விடுதலை.

எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. விண்மறவன் கடைசிப் படம் தமிழ் டப்பிங்குக்கு வந்துவிட்டது. ஸ்டுடியோ முதலாளி சபேசன் சார் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். "இந்திராணி, இந்தத் தடவை உன் பேரு தனிக் கார்டு. தமிழ் வசனம், குரல் இயக்கம், ரெண்டும். வெள்ளைக்காரன்கிட்ட பேசிட்டேன்" என்றார். ஏழு படங்களுக்குத் தமிழ் எழுதியிருக்கிறேன். அந்தப் பறக்கிற மனிதனுக்கு விண்மறவன் என்று பெயர் வைத்ததே நான்தான். ஆட்டோ முதுகிலும் பள்ளிக்கூடப் பையிலும் பிறந்தநாள் கேக்கிலும் அந்தப் பெயர் இருக்கிறது. படத்தில் மட்டும் என் பெயர் இருந்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் ஒரு அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

சார் இன்னொன்றும் சொன்னார். அதை நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 5, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. எழுத நேரமில்லை.

மார்ச் 7, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன். முதல் படத்திலிருந்து விண்மறவனுக்குப் பேசிவரும் தன்ராஜ் அண்ணன் குரல் இந்தப் படத்தில் கிடையாது. பெரிய நடிகர் ஒருவர் பேசப்போகிறார். அவர் பேசினால் பேப்பரில் போடுவார்கள், டிவியில் காட்டுவார்கள், தியேட்டர் நிறையும். வியாபாரம். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த நடிகருக்கு உதடு பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. அதனால் தன்ராஜ் அண்ணன் முதலில் முழுப் படத்தையும் பேசிவிட வேண்டும். அதைக் காதில் கேட்டுக்கொண்டே நடிகர் தன் குரலில் மறுபடி பேசுவார். இப்படி மாதிரிக்குப் பேச வைப்பது எங்கள் தொழிலில் புதிதில்லை. பேச வருகிறவரிடம் அது வெறும் மாதிரிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அண்ணனிடம் மட்டும் சொல்லக்கூடாதாம்.

"முடிஞ்சதும் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா பாதியில எழுந்து போயிடுவாரு. கோவக்காரரு" என்றார் சார்.

தன்ராஜ் அண்ணனை எனக்குப் பதினொரு வருடமாகத் தெரியும். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே முறை. கேண்டீன் டீயில் ஈ கிடந்தது.

நான் சரி என்று சொல்லவில்லை. தலையாட்டினேன்.

மார்ச் 10, திங்கள்

முதல் நாள் பதிவு. அண்ணன் வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, எல்லாருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோளில் பை, பையில் வெந்நீர் பிளாஸ்க். ஆள் பார்த்தால் ரேஷன் கடையில் நமக்கு முன்னால் நிற்பவர் மாதிரி இருப்பார். மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தால் ஆறடி உயரம் வந்துவிடும்.

வெளியே தெருப் பிள்ளைகள் நாலு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "அங்கிள், ஒரே ஒருவாட்டி!" அவரும் சலிக்காமல் சொன்னார். "நான் இருக்கேன்ல, நீ தூங்கு."

இந்த வரியைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். முதல் படத்தில், இடிந்த கட்டிடத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண்ணை விண்மறவன் தூக்கிக்கொள்வான். ஆங்கிலத்தில் ஏதோ சப்பென்று ஒன்று சொல்வான். நான் எழுதியிருந்தது, "அஞ்சாதே குழந்தாய், ஆபத்து நீங்கியது." உதட்டுக்கும் பொருந்தவில்லை, காதுக்கும் பொருந்தவில்லை. அண்ணன் மைக்கில் தானாக இதைச் சொன்னார். அவர் மகள் சில்வியாவுக்குச் சின்ன வயதில் இளைப்பு. ராத்திரி மூச்சு முட்டும்போதெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு சொல்வாராம். இன்றைக்கு அது பனியனில் வருகிறது, மீமில் வருகிறது, கட்சிக்காரர்கள் போஸ்டரில்கூட வருகிறது. சில்வியா கல்யாணமாகித் தூத்துக்குடியில் இருக்கிறாள். அவளுடைய குட்டிப் பெண் செலின் தினமும் தாத்தா போனில் இதைச் சொன்ன பிறகுதான் தூங்குவாளாம்.

வேலை நன்றாகப் போனது. நான் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேன்: மூச்சு, வலி. மூச்சு, பயம். மூச்சு, பொய் தைரியம். அவருக்கு அந்த இரண்டு வார்த்தை போதும். அப்படியே விடுவார்.

மார்ச் 14, வெள்ளி

தவக்காலம் என்பதால் வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டில் கறி கிடையாது, மீன் உண்டு. அவர் மனைவி ஃபிலோ அக்கா எனக்கும் சேர்த்து வஞ்சிரம் குழம்பு கொடுத்துவிட்டிருந்தார். டப்பா மூடியில் பிளாஸ்திரி ஒட்டி 'இந்திராணிக்கு' என்று எழுதியிருந்தது.

நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் அண்ணன் பங்கிலிருந்தும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 19, புதன்

முடிந்தது. விண்மறவன் சாகிற காட்சியைக் கடைசியாக வைத்திருந்தேன். அதே சின்னப் பெண் இப்போது பெரியவளாகி, அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். அவன் அப்போதும் அவளிடம், "நான் இருக்கேன்ல, நீ தூங்கு" என்கிறான். பிறகு ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

அண்ணன் பேசிவிட்டு வெளியே வந்தபோது சவுண்ட் இன்ஜினியர் கபீர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏசிக் காற்றாம்.

"சரியா வந்துச்சாம்மா? இன்னொருவாட்டி வேணா போலாமா?" என்று கேட்டார் அண்ணன்.

முடிந்ததும் சொல்லலாம் என்றுதான் பேச்சு. முடிந்துவிட்டது. நானும் எழுந்தேன். அவர் பிளாஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டே, "நம்ம சர்ச்சு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைங்க எல்லாத்தையும் இந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். கடைசிப் படமாச்சே" என்றார்.

இன்றைக்கு அந்த சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். எனக்காக இல்லை, அவருக்காகத்தான்.

மார்ச் 26, புதன்

நடிகர் வந்தார். திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மனிதர் தங்கம். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், என்னை மேடம் என்றார், வரிக்கு வரி கேட்டுப் பேசினார். காதில் தன்ராஜ் அண்ணன் குரல், வாயில் அவர் குரல். அண்ணன் இழுத்த இடத்தில் இழுத்து, நிறுத்திய இடத்தில் நிறுத்தினார்.

நடுவில் காதுக் கருவியைக் கழற்றிவிட்டு, "யாரு மேடம் இது? பின்றாரே!" என்றார்.

"ஒரு ஆர்ட்டிஸ்ட் சார்" என்றேன்.

அடிபடுவது, விழுவது, முனகுவது, மூச்சு வாங்குவது எதையும் அவர் செய்யவில்லை. தொண்டை கட்டிக்கொண்டால் ஷூட்டிங் போய்விடும். நியாயம்தான். கபீர் மூலப் படத்தின் முனகலை ஒட்டிப் பார்த்தான், தனியாகத் துருத்தியது. அண்ணன் முனகலை எடுத்து ஒட்டினான். அப்படியே பொருந்திவிட்டது. "அக்கா, பேச்சு அவரு, உசுரு இவரு" என்று சிரித்தான். நான் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் எல்லா டிவியிலும் வந்துவிட்டது. நடிகர் சிவப்புச் சால்வை போர்த்திக்கொண்டு, "விண்மறவன் இனி என் குரலில்" என்கிறார்.

அதே நேரம் ஸ்டுடியோவில் வேறு ரகளை. படத்தின் கடைசியில், பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு வருகிற ரகசியக் காட்சியை இன்றுதான் அனுப்பியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் படங்களுக்கு அந்தக் காட்சிக்காகவே ஜனம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும். திரை முழுக்க இருட்டு. ஒரே ஒரு மூச்சு. அவ்வளவுதான். விண்மறவன் சாகவில்லை. நடிகர் வெளியூரில் இருக்கிறார், இங்கேயே இருந்தாலும் மூச்சு விடமாட்டார். "தன்ராஜைக் கூப்பிட்டு எடுத்துரு" என்றார் சார்.

எப்படிக் கூப்பிடுவது என்று நான் யோசிக்கும்போதே அண்ணன் போன்.

"இந்திராணி, டிவியில என்னமோ காட்டுறாங்க. பிள்ளைங்க எல்லாம் கேக்குது. என்னம்மா அது?"

"அது ட்ரெய்லருக்கு மட்டும்ணா. விளம்பரத்துக்கு" என்றேன்.

"அதானே! நான்கூட பயந்துட்டேன்."

"விட்டுப்போன ஒரு சின்ன பேட்ச் இருக்கு, சனிக்கிழமை வர்றீங்களா?"

"வராம?"

எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். வசனம் எழுதுகிறவளுக்கு வாயில் வரி நிற்காமலா போகும். இரவு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இப்பவே போன் பண்ணி உண்மையைச் சொல்லிடேன்" என்றார். குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்புகிறவருக்கு எல்லாம் அப்படித்தான் தோன்றும். நான் மாவு அரைக்கப் போய்விட்டேன். புது மிக்ஸி சத்தம் அதிகம்.

ஏப்ரல் 5, சனி

வந்தார். எடுத்தோம். தாளில் நான் எழுதியிருந்தது: மூச்சு, திரும்பி வருதல். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தவன் விடுகிற மூச்சு. எனக்குப் புல்லரித்தது.

"ஒரே ஒரு மூச்சுக்கா கூப்பிட்டே?" என்று சிரித்தார். நான் கடை டீ வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் போகவேண்டாம் என்று ஆட்டோ பிடித்து, ரோடு வரை நடந்துபோய் ஏற்றிவிட்டேன். வெயில் அதிகமாக இருந்தது, அதனால்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு யூடியூப் சேனலில் என்னைப் பேட்டி எடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் பேட்டி. கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

தொகுப்பாளினிப் பெண் படபடவென்று பேசினாள். "மேம், தமிழ்நாடே சொல்ற அந்த டயலாக், நான் இருக்கேன்ல நீ தூங்கு, அது எப்படி மேம் உங்களுக்குத் தோணுச்சு?"

நான் சிரித்தேன். எழுதினேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "ஒரு தாய் மனசோட யோசிச்சா வந்துடும்" என்று என் வாய் சொன்னது. எனக்குப் பிள்ளை கிடையாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். வாழ்த்துச் சொல்ல நான் கூப்பிடுவதற்குள் அண்ணனே கூப்பிட்டுவிட்டார். முதல் நாள் காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தாயிற்றாம். மறைக்கல்வி வகுப்பு முழுக்க வருகிறதாம், ஃபாதர் வேன் கொடுக்கிறாராம். "உனக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருக்கேன். உன் பேரு வரும்போது நாங்க எல்லாம் கை தட்டணும்ல."

"அண்ணா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். நிஜமாகவே ஆரம்பித்தேன்.

"இரு இரு, பிள்ளைங்க பேசணுங்குது" என்று போனைக் கொடுத்துவிட்டார். இருபது முப்பது தொண்டைகள் சேர்ந்து கத்தின: "நான் இருக்கேன்ல, நீ தூங்கு!"

ஹேப்பி ஈஸ்டர் என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 30, புதன்

நாளை மறுநாள் ரிலீஸ். தலைவலி.

மே 2, வெள்ளி

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் திரையில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

தியேட்டர் வாசலில் கட்-அவுட். விண்மறவன் உடம்பு, பக்கத்தில் நடிகர் முகம், இரண்டுக்கும் சேர்த்துப் பால் ஊற்றினார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். ஃபிலோ அக்கா தலையில் மல்லிகை. பிள்ளைகள் கழுத்தில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு பறந்துகொண்டிருந்தன. எனக்கு அண்ணனுக்குப் பக்கத்து இருக்கை.

விண்மறவன் வந்தான். வாயைத் திறந்தான். நடிகர் குரல். தியேட்டர் விசிலில் கிழிந்தது.

எங்கள் வரிசையில் மட்டும் சத்தம் இல்லை. பிள்ளைகள் எல்லாம் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தன. ஒரு பெண் குழந்தை எட்டி, "அங்கிள், இது நீங்க இல்லியே" என்றது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, "நான்தாண்டா. பேசும்போது சளி புடிச்சிருந்துச்சு" என்றார்.

அந்த இருட்டில் நான் என் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருப்பவர் தோள் என் தோளில் படாமல் இருக்க ஒடுங்கிக்கொண்டேன்.

பிறகு சண்டை வந்தது. விண்மறவன் பாலத்திலிருந்து விழுந்து முனகினான். அதே குழந்தை துள்ளி எழுந்தது. "அங்கிள்! இப்ப நீங்க!" அடுத்த அடி. "இதுவும் நீங்க!" அதன் பிறகு அவர்களுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் பிள்ளைகள் அண்ணனைப் பார்த்துக் கை தட்டினார்கள். விண்மறவன் பேசும்போது சும்மா இருந்தார்கள், வலியில் கத்தும்போது கை தட்டினார்கள். அண்ணனும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார்.

சாவு. அந்த வரியை நடிகர் சொன்னார். தியேட்டரே கூடச் சொன்னது. அடுத்து வந்த மூச்சு அண்ணனுடையது. ஃபிலோ அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ரகசியக் காட்சிக்காக ஒருவரும் எழவில்லை. 'தமிழ் வசனம், குரல் இயக்கம்: இந்திராணி.' தனிக் கார்டு. அண்ணன் கை தட்டினார். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்து, "தட்டுங்கடா, நம்ம ஆன்ட்டி" என்றார். எல்லாம் தட்டின. பிறகு குரல் கொடுத்தவர்கள் பெயர் வந்தது. ஒரே பெயர், நடிகருடையது. அண்ணன் கண் கடைசி எழுத்து போகும் வரை திரையில் தேடிக்கொண்டிருந்தது. பார்க்காமல் இருக்க முயன்றேன், பார்த்துவிட்டேன்.

இருட்டு. அமைதி. அந்த ஒரு மூச்சு.

தியேட்டர் இடிந்துவிழுந்த மாதிரி இருந்தது. ஆயிரம் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். காகிதம் பறந்தது, யாரோ அழுதார்கள். படம் முழுவதிலும் அவ்வளவு சத்தம் அதற்குத்தான். தன்ராஜ் அண்ணன் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார்.

வெளியே அவர் பிள்ளைகளை எண்ணி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஃபிலோ அக்கா என்னிடம் வந்தார்.

"அவருக்குத்தான் தெரியாது இந்திராணி. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிடுச்சு."

"என்னைக்குக்கா?"

"பதினோரு வருசமா இல்லாம நீ ரோடு வரைக்கும் வந்து ஆட்டோவுல ஏத்திவிட்டேன்னு வந்து சொன்னாரு பாரு, அன்னைக்கு. அவ்ளோ பெருமையா சொன்னாரு. நான் வாயைத் தொறக்கல." மல்லிகையைச் சரிசெய்துகொண்டார். "கேட்டிருந்தா சும்மாவே வந்து மூச்சு விட்டுட்டுப் போயிருப்பாரும்மா. நீ ஏன் பொய் சொன்னே?"

அக்கா போய் வேனில் ஏறிக்கொண்டார். வேன் போய்விட்டது.

மே 4, ஞாயிறு

படம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறதாம். சார் ஸ்வீட் பாக்ஸ் அனுப்பினார். வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

அடுத்த படம் உறுதியாகிவிட்டது. விண்மறவன் திரும்பி வருகிறான், நடிகர் ஒப்புக்கொண்டுவிட்டார். "முனகலுக்கும் மூச்சுக்கும் இப்பவே தன்ராஜ்கிட்ட சொல்லி வெச்சிடு" என்றார் சார். அவர் பெயரைப் போடுவீர்களா என்று கேட்டேன். "மூச்சுக்கெல்லாமா கார்டு போடுவாங்க?" என்று சிரித்தார். என் கார்டையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மாலை அண்ணனுக்குப் போன் செய்தேன். அடுத்த படத்தைப் பற்றிப் பேசவில்லை. முதலில் என் பொய்யை ஒப்புக்கொண்டேன். "அண்ணா, ட்ரெய்லருக்கு மட்டும்னு சொன்னது பொய். ஆரம்பத்துலேருந்தே எனக்குத் தெரியும். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கோபமாகப் பேசவில்லை.

"அது போவட்டும்மா. வேற ஒரு சிக்கல். செலினு நேத்து அவங்கம்மாகூடப் போய்ப் படம் பாத்துட்டு வந்திருக்கு. ராத்திரி போன் பண்ணுச்சு. எப்பவும் போல, நான் இருக்கேன்ல நீ தூங்குன்னேன். 'தாத்தா, தப்பா சொல்ற, படத்துல வர்ற மாதிரி கரெக்டா சொல்லு'ங்குது. நாலஞ்சு விதமா சொல்லிப் பாத்தேன். அழுவுது. தூங்க மாட்டேங்குது."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உன் பேட்டியும் பாத்தேன். எப்படிச் சொல்லணும்னு நீ ஒருவாட்டி சொல்லிக்குடேன் இந்திராணி. நீதான எழுதினவ."

கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா, எனக்குப் பிடிபடவில்லை. பதினொரு வருடமாக அவர் குரலில் எது என்ன என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தவள் நான். வாய் திறந்தேன், வரி வரவில்லை. அவர் போனை வைக்கவில்லை, காத்திருந்தார். அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.